ரோபோ வரைபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: திரட்சி, வெளிச்சம், வடிவமைப்பு

கோத்தகிரியில் சனி, ஞாயிறுகளில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். மலையும் பூவும் வரைய வந்த பிள்ளைகள்கூடக் கொஞ்ச நாளில் ரோபோ பக்கம் போய்விடுகிறார்கள். அவர்களும், குன்னூர், ஊட்டியிலிருந்து போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்து வைக்கிறேன். என் பதில்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வரும்: ரோபோ வேலை செய்யும் ஒரு பொருள், அதற்குக் கனம் உண்டு, அதன் மேல் எங்கிருந்தோ வெளிச்சம் விழுகிறது. இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டு போல்ட்டும் ஒயரும் போட ஆரம்பியுங்கள்.

நிறைய டீடெயில் போட்டும் என் ரோபோ தட்டையாகவே இருக்கிறது, ஏன்?

டீடெயில் உட்காரும் பரப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முடிவு செய்யாமல் போட்டதுதான் காரணம். பலர் முதலில் வெளிக்கோட்டை வரைந்துவிட்டு உள்ளே இருக்கும் காலி இடத்தை நிரப்புகிறார்கள். நெஞ்சு உருண்டு திரும்பினாலும் அதன் மேல் ஓடும் பேனல் கோடு (தகடுகள் சேரும் கோடு) நேராகப் போகிறது, கண் உடனே அதைத் தட்டை என்று எடுத்துக்கொள்கிறது.

முதல் பத்து நிமிடம் ரோபோ என்பதையே மறந்துவிடுங்கள். பெட்டி, உருளை, கோளம், கூம்பு, இவ்வளவுதான் தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கண்ணாடியால் செய்தது போல நினைத்து, தெரியாத பின்பக்க விளிம்பையும் மெல்லிய கோட்டில் வரையுங்கள். தோள் உருளை நெஞ்சுப் பெட்டிக்குள் எந்த இடத்தில் நுழைகிறது, கழுத்து எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு அந்தப் பரப்பைச் சுற்றி ஓடும் கோடுகளைப் போடுங்கள். பேனல் கோடு, வெல்டிங், பெல்ட், எழுத்து எல்லாம் அந்தச் சுற்றுக் கோடுகளின் வழியிலேயே போக வேண்டும்.

இதற்கு வீட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. சமையலறையில் நிற்கும் சிவப்பு காஸ் சிலிண்டரை வரையுங்கள். நடுவில் உருளை, மேலே குவிந்த தோள், அதற்கு மேல் கைப்பிடி வளையம், அடியில் நிற்கிற வளையம், உடம்பின் நடுவே சுற்றி ஓடும் வெல்டிங் கோடு. அந்த ஒரு கோட்டைச் சரியான வளைவில் போட்டால் சிலிண்டர் முழுவதும் உருண்டு நிற்கும், நேர்கோடாகப் போட்டால் எவ்வளவு ஷேடிங் செய்தாலும் எழும்பாது. ரோபோவின் உடம்பு முழுக்க நடப்பதும் இதுதான்.

பெட்டி வருகிறது, உருளை மட்டும் கோணலாகவே வருகிறதே?

தோள், முழங்கை, சக்கரம், கண், கழுத்து என்று ரோபோவில் பாதி இடம் நீள்வட்டம்தான், அதனால் இதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான கோணல் போய்விடும். வட்டம் பெர்ஸ்பெக்டிவில் (கண்ணுக்குத் தெரியும் கோணத்தில்) நீள்வட்டமாகும்போது அதன் குறுகிய அச்சு, உருளையின் நடுவே ஓடும் அச்சுக் கம்பியோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். எனவே முதலில் கம்பியை வரையுங்கள், அதற்குச் செங்குத்தாக நீண்ட அச்சைப் போடுங்கள், அப்புறம் நீள்வட்டம். சக்கரத்தை முதலில் வரைந்துவிட்டு அச்சைப் பிறகு செருகினால் வண்டி முடமாகத்தான் நிற்கும்.

அடுத்தது அகலம். நிமிர்ந்து நிற்கும் உருளையில், உங்கள் கண் மட்டத்தில் இருக்கும் வட்டம் வெறும் கோடாகத் தெரியும். அங்கிருந்து மேலோ கீழோ விலக விலக வட்டம் திறந்துகொண்டே போகும். ரோபோவின் இடுப்பு கண் மட்டத்தில் இருந்தால் கணுக்கால் வளையம் இடுப்பு வளையத்தைவிட நன்றாகத் திறந்து தெரிய வேண்டும். இரண்டும் ஒரே அகலத்தில் இருப்பதைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன்.

நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது, இரு முனையும் சின்னதாக வளைந்துதான் திரும்பும். மணிக்கட்டால் வரையாமல் தோளிலிருந்து கையை ஆட்டி, பென்சில் தாளைத் தொடாமல் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு அதே வேகத்தில் இறக்குங்கள்.

கவசத் தகடுகள் காகிதம் மாதிரித் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

தடிமன் காட்டுங்கள். தகட்டின் ஓரத்தில் இரண்டாவதாக ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை. அந்த ஓரம் கொஞ்சம் மழுங்கியிருக்கும், வெளிச்சத்தின் பக்கம் இருந்தால் மெல்லிய பளிச்சென்ற கோடு அதில் ஓடும். ஒரு தகடு இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில் கீழே குறுகிய நிழல் விழும்.

ரெஃபரன்ஸுக்கு எங்கே போவது? இங்கே ரோபோ எதுவும் இல்லையே.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இயந்திரம் படிக்க நீலகிரியைப் போல வசதியான இடம் குறைவு.

முதலில் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ரயில் ஓடத் தொடங்கியது, 1908-இல் ஊட்டி வரை வந்தது, 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வரைகிறவருக்கு அதைவிட முக்கியமான விஷயம், கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறும் அந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் வேலை எல்லாம் வெளியிலேயே தெரிகிறது என்பது. ஏற்றம் சுமார் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். வெறும் சக்கரம் வழுக்கும், அதனால் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. எஞ்சினில் நாலு சிலிண்டர்: இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் சிலிண்டர்களும், அவற்றிலிருந்து நீளும் தண்டுகளும், தண்டு முனையில் ஊசியும் (இணைக்கும் பின்) தெரியும். எந்தத் தண்டு எதைத் தள்ளுகிறது என்று விரலால் தொடர்ந்து போக முடியும். உங்கள் ரோபோவின் காலையும் அப்படித் தொடர்ந்து போக முடிகிறதா என்று பாருங்கள். (பிளாட்பாரத்தில் நின்றே வரையுங்கள், தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ஷெட் பக்கம் போக வேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் போங்கள்.)

அடுத்தது தேயிலை ஃபேக்டரி. சுற்றிப் பார்க்க விடுகிற ஃபேக்டரிகள் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி எல்லா இடத்திலும் உண்டு. சி.டி.சி. மெஷினில் பல் வெட்டிய இரண்டு ரோலர்கள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுழன்று இலையை நசுக்கிக் கிழிக்கும். இலையை உருட்டிச் சுருட்டும் ஆர்த்தடாக்ஸ் ரோலிங் டேபிள் கிராங்க் கைகளின் மேல் வட்டமாக நகரும். பெல்ட், மோட்டார், பேரிங், பாதுகாப்புக் கூண்டு எல்லாம் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்று அங்கேயே ஸ்கெட்ச் போடுங்கள்.

ஊட்டியை அடுத்த முத்தொரைப் பக்கம் போனால் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 1970 முதல் இயங்குவது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளைவுச் சட்டங்கள் வரிசையாக மலைச்சரிவில் நிற்கின்றன. ஒரே வளைவு பெர்ஸ்பெக்டிவில் எப்படிச் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதைச் சாலையோரத்திலிருந்தே படிக்கலாம். இன்னொரு விஷயமும் அதில் உண்டு. அந்த இடம் பூமத்தியரேகைக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது, சரிவும் அதே 11 டிகிரி அளவு. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் நகரும் பொருளைத் தொடர்ந்துகொண்டே போகலாம். இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் இயந்திரம் எளிமையாகிவிட்டது. வடிவமைப்பு என்றால் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஜேசிபி. மழையில் மண் சரிந்தால் எந்த வளைவிலும் ஒன்று நிற்கும்.

பிஸ்டன் வரைகிறேன், ஆனால் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது.

ஜேசிபியின் கையைப் பாருங்கள். ஹைட்ராலிக் சிலிண்டரின் ஒரு முனை ஒரு கையில் ஊசி போட்டு மாட்டியிருக்கும், மறுமுனை அடுத்த கையில். மூட்டு ஒன்று, ஊசிகள் இரண்டு, இந்த மூன்று புள்ளிகளும் ஒரு முக்கோணம். பிஸ்டன் நீளும்போது முக்கோணத்தின் ஒரு பக்கம் நீள்கிறது, மூட்டின் கோணம் மாறுகிறது. மூன்று புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் பிஸ்டன் எவ்வளவு தள்ளினாலும் கை திரும்பாது. பல படங்களில் பிஸ்டன் மூட்டின் மேலேயே போய் முடிகிறது, அது எதையும் தள்ளவே முடியாது.

இன்னொன்று நீளம். உள்ளே போகும் பளபளப்பான தண்டு, தான் நுழைய வேண்டிய குழாயைவிட நீளமாக இருக்கக் கூடாது, இருந்தால் மடங்கும்போது எங்கே போகும்? முழுதாக நீட்டிய நிலையிலும் முழுதாக மடங்கிய நிலையிலும் ஓரத்தில் சின்னதாக ஒரு தடவை வரைந்து பார்த்துவிடுங்கள். மூட்டை விசாரிக்கும் வழியும் இதுதான். முழங்கையை மடக்கினால் முன்கைத் தகடு மேல்கைத் தகட்டில் இடிக்கிறதா? இடித்தால் தகட்டை வெட்டுங்கள், அந்த வெட்டு ஒரு நல்ல வடிவமாகவும் அமைந்துவிடும்.

கால் எப்போதும் சரியாக நிற்பதில்லை. பின்பக்கமாக மடங்கும் முழங்கால் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் ஆடு, மாடுகளில் பின்பக்கமாக மடங்குவதாக நாம் நினைப்பது முழங்கால் இல்லை, அது குதிகால். முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி, முன்பக்கமாகத்தான் மடங்கியிருக்கும். இது தெரியாமல் வரைந்தால் காலில் ஒரு எலும்பு குறைந்துபோகும்.

கனமான ரோபோவுக்குக் காட்டெருமையைப் பாருங்கள், தேயிலைத் தோட்டத்தில் மேய வருவதைத் தூரத்திலிருந்து (நிஜமாகவே தூரத்திலிருந்து) பார்த்து வரையலாம். கனம் முழுக்க முன்பக்கத் திமிலிலும் தோளிலும், அதற்குக் கீழே ஒல்லியான கால். பாறையில் ஏறும் ரோபோவுக்கு வரையாடு.

நிற்பதைப் பொறுத்தவரை, உடம்பின் கனம் சேரும் புள்ளியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு விடுங்கள். அது பாதங்கள் தரையில் அடைக்கும் இடத்துக்குள் விழுந்தால் நிற்கிறது, வெளியே விழுந்தால் சாய்கிறது. சரிவில் நிற்கும்போது மேட்டுப்பக்கக் கால் மடங்கியும் பள்ளத்துப்பக்கக் கால் நீண்டும் இருக்கும், கோடு மட்டும் எப்போதும் செங்குத்தாகவே விழும்.

புது ரோபோ யோசிக்க உட்கார்ந்தால் எல்லாமே எங்கோ பார்த்தது மாதிரியே வருகிறது.

நெட்டில் பார்த்த ரோபோக்களிலிருந்து ரோபோ செய்தால் அப்படித்தான் வரும். வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்: கோத்தகிரிச் சரிவில் கொழுந்து பறிக்கும் ரோபோ.

எங்கே நிற்கும்? செடிகளுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும் போகும் சந்தில். அப்படியானால் உடம்பு ஒடுக்கமாக இருக்க வேண்டும், அல்லது செடி வரிசையை இரண்டு பக்கமும் கால் போட்டுத் தாண்டி நிற்க வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே இரண்டு வேறு வேறு உருவங்கள் கிடைத்துவிட்டன, பாருங்கள். தரை எப்படி? ஈரமான சரிவு, நடுநடுவே மழைத்தண்ணீர் வாய்க்கால். சக்கரம் என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும். 2023-இல் நிலவில் இறங்கிய பிரக்யான் ரோவர் 26 கிலோதான், ஆனால் ஆறு சக்கரமும் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும்படி கைகளில் மாட்டியிருந்தார்கள், அதைப் போய்ப் பாருங்கள். கை என்ன செய்யும்? இரண்டு இலை ஒரு மொட்டைத் தேர்ந்து கிள்ள வேண்டும், அப்படியானால் விரல் நுனி மெல்லியதாகவும் கண் கைக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். கண்ணைத் தலையில் வைப்பதைவிட மணிக்கட்டில் வைத்தால் என்ன? பறித்ததை எங்கே போடும்? முதுகில் மூட்டை, மூட்டை நிரம்ப நிரம்ப கனம் பின்னால் போகும், அதைச் சமாளிக்க உடம்பு முன்னால் சாயும். மழைக்கு மூட்டுகளில் ரப்பர் உறை. மூடுபனியில் மற்றவர்கள் பார்க்க ஒரு விளக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு தலை, கவசம், ஸ்டைல் எதையும் நான் தொடவே இல்லை, ஆனாலும் இந்த ரோபோ வேறு எதன் மாதிரியும் இருக்காது.

அப்புறம் கறுப்பு மார்க்கரில் கட்டைவிரல் அளவுக்குச் சின்னச் சின்ன நிழலுருவங்களாக ஒரு பக்கம் நிறையப் போடுங்கள், கண்ணும் கோடும் வேண்டாம், வெறும் கறுப்பு. அதில் எது என்ன வேலை செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குப் புரிகிறதோ அதை எடுங்கள். தேர்ந்ததில் பெரிய வடிவம் ஒன்று, நடுத்தர வடிவங்கள் சில, பொடி விஷயங்கள் ஓரிரு இடத்தில் கூட்டமாக. மீதிப் பரப்பைக் காலியாக விட்டுவிடுங்கள். காலி இடம் இல்லாத ரோபோவில் கண்ணுக்கு நிற்க இடம் கிடைக்காது.

முகம் வேண்டுமா? மனித முகம் மாதிரி வைத்தால் பயமாக வருகிறது.

வேலைக்கு வேண்டுமென்றால் வையுங்கள். 1961-இல் அமெரிக்காவில் ஒரு கார் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த யூனிமேட் என்ற ரோபோவுக்குத் தலையே கிடையாது, ஒரே ஒரு கைதான். இஸ்ரோ 2020-இல் காட்டிய வியோமித்ரா என்ற ரோபோவுக்கு முகமும் கையும் உண்டு, கால் இல்லை, விண்கலத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதற்குக் கால் எதற்கு?

பயமாக வருவதைப் பற்றி ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-இலேயே எழுதியிருக்கிறார். ரோபோ மனிதனை ஒத்துப்போகப் போக நமக்குப் பிடித்துக்கொண்டே வரும், ஏறக்குறைய மனிதனாகவே ஆகிவிடும் இடத்தில் திடீரென்று அருவருப்பாகிவிடும் என்றார். அதற்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். இரண்டு வட்டமும் அவற்றுக்கு மேலே ஒரு மூடியும் போதும், மூடியைச் சாய்த்தாலே கோபம், சோர்வு, ஆச்சரியம் எல்லாம் வந்துவிடும். தோல், பல், உதடு வேண்டாம்.

ஷேடிங் செய்தால் அழுக்காகத் தெரிகிறது. வெளிச்சத்தை எப்படி முடிவு செய்வது?

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள். ஒரே ஒரு முக்கிய வெளிச்சம். முன்பக்கமிருந்து நேராக அடித்தால் திரட்சி (உருண்டு தெரிவது) செத்துவிடும், மேலே பக்கவாட்டிலிருந்து வந்தால் பெட்டியின் மூன்று முகங்களும் மூன்று டோனாக (வெளுப்பு, கறுப்பின் அளவாக) பிரியும்.

இப்போது படம் முழுவதையும் இரண்டாக மட்டும் பிரியுங்கள்: வெளிச்சம் படுவது, படாதது. படாத இடம் எல்லாவற்றையும் ஒரே நடுத்தர டோனில் சீராக நிரப்புங்கள், உள்ளே டீடெயில் எதுவும் வேண்டாம். தாளை மேசையில் நிறுத்தி வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். இந்த இரண்டே டோனில் ரோபோ உருண்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் அழுக்குதான் சேரும், அம்புக்குறியை மாற்றிப் பாருங்கள்.

அதன்பின் ஒரு கட்டுப்பாடு. ஒரே நிறப் பெயின்ட் அடித்த பரப்பில், நிழலுக்குள் இருக்கும் மிக வெளுப்பான இடம்கூட வெளிச்சத்துக்குள் இருக்கும் மிகக் கறுப்பான இடத்தைவிடக் கறுப்பாகவே இருக்க வேண்டும். தரையிலிருந்து எகிறி வரும் எதிரொளியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பிள்ளைகள் அதை வெள்ளையாக்கிவிடுகிறார்கள், அங்கேதான் படம் உடைகிறது. உருளையில் மிகக் கறுப்பான பட்டை ஓரத்தில் வராது, கொஞ்சம் உள்ளே தள்ளி வரும், ஓரத்தில் எதிரொளி மெல்ல எட்டிப்பார்க்கும்.

விழும் நிழலை விட்டுவிடாதீர்கள். கையின் நிழல் நெஞ்சில் விழுந்தால் அது நெஞ்சின் வளைவிலேயே வளைந்து போகும், பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும். ஷேடிங்கே இல்லாமல் இந்த ஒரு நிழலை வைத்தே பரப்பைக் காட்டிவிடலாம். நிழல் அதைப் போடும் பொருளுக்குப் பக்கத்தில் கூர்மையாகவும், தள்ளிப் போகப் போக மங்கலாகவும் இருக்கும். பாதம் தரையைத் தொடும் கோடுதான் படத்திலேயே கறுப்பான இடங்களில் ஒன்று, அது இல்லாத ரோபோ மிதக்கும்.

பயிற்சிக்கு பேஸ்ட் டப்பா, மருந்து அட்டைப்பெட்டி, நூல்கண்டு எல்லாவற்றையும் ஒட்டி ஒரு பொம்மை செய்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சை ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துப் பாருங்கள்.

உலோகம் மாதிரி மினுக்க வைப்பது எப்படி?

எந்த உலோகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த உலோகம் கண்ணுக்குப் பெயின்ட்தான், நிறம் டோன் டோனாக மாறும், மேலே ஒரு ஹைலைட் (பளிச்சென்ற இடம்) விழும், அந்த ஹைலைட் விளக்கின் நிறத்தில் இருக்கும். பாலிஷ் போட்ட வெறும் உலோகத்துக்குச் சொந்த டோன் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை, சுற்றி இருப்பதைத்தான் காட்டும்.

ஒரு எவர்சில்வர் டம்ளரை ஜன்னலோரம் வையுங்கள். பளிச்சென்ற வெள்ளையும் கன்னங்கரிய பட்டையும் நடுவில் எந்தச் சாய்வும் இல்லாமல் ஒட்டி நிற்கும். அறையில் உள்ள எல்லாம் குறுக்கே நசுங்கி, நெடுக்கே நீண்ட பட்டைகளாகத் தெரிகின்றன. கீழே வெள்ளைத்தாள் வைத்தால் அடிப்பகுதி வெளுக்கும், கறுப்புத் துணி வைத்தால் கறுக்கும். பித்தளைச் சொம்பை வைத்தால் அதே பட்டைகள் மஞ்சளாகும், ஹைலைட்கூட மஞ்சளாகத்தான் இருக்கும். உலோகத்துக்கும் பெயின்ட்டுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம்.

ஆகவே பளபளக்கும் ரோபோவைத் தேயிலைத் தோட்டத்தில் நிறுத்தினால் மேல்நோக்கிய பரப்பில் வானம், கீழ்நோக்கிய பரப்பில் பச்சை, இரண்டுக்கும் நடுவே தூரத்துச் சில்வர் ஓக் வரிசையின் கறுப்புக் கோடு. இந்த மூன்றைப் போட்டாலே உலோகமாகிவிடும். ஆனால் முழு ரோபோவையும் இப்படிச் செய்யாதீர்கள். முக்கால்வாசி மங்கலான பெயின்ட், பிஸ்டன் தண்டும் மூட்டு ஊசியும் மட்டும் பளபளப்பு என்று வைத்தால் அந்த இரண்டும் பேசும்.

மூடுபனியில் நிற்கும் ரோபோ வரைய ஆசை. வெறும் சாம்பலாக வருகிறது.

மேகம் இறங்கியிருக்கும்போது வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருவதில்லை, வானம் முழுக்க விளக்கு. அதனால் கூர்மையான விழும் நிழல் கிடையாது. மேல்நோக்கிய பரப்பெல்லாம் வெளுப்பு, கீழ்நோக்கிய பரப்பெல்லாம் கறுப்பு, இடுக்குகள் மிகக் கறுப்பு. திரட்சியைக் காட்ட இது அருமையான வெளிச்சம், நான் பிள்ளைகளை முதலில் இதில்தான் வரையச் சொல்கிறேன்.

தூரம் கூடக் கூடக் கறுப்பு முதலில் போய்விடும். கிட்டே இருக்கும் கை நல்ல கறுப்பு, உடம்பு நடுத்தரம், பின்னால் இருக்கும் கால் பனியின் நிறத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. எல்லாவற்றையும் ஒரே சாம்பலில் போடுவதால்தான் படம் எழும்பவில்லை. பனி பள்ளத்தாக்கில் மட்டும் தங்கியிருக்கும் காலைகளும் உண்டு, கேத்திப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அப்போது கால் மறைந்து தலையும் தோளும் தெளிவாக நிற்கும். ரோபோவின் விளக்கு எரிந்தால் கதிர் காற்றிலேயே தெரியும், விளக்கைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம் வரும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புகளும் வெளுத்துவிடும்.

மேகம் விலகி வெயில் அடிக்கும்போது கதையே வேறு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று தெளிவு, நிழல் அழுத்தமாக விழும், அதில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். கறுப்புப் பென்சிலில் அழுத்தம், கலரில் நீலம்.

பெரிய ரோபோ பெரிதாகவே தெரிய மாட்டேன் என்கிறது.

கண் மட்டத்தை ஒரு ஆளின் உயரத்துக்கு இறக்குங்கள். அளவு தெரிந்த பொருளைப் பக்கத்தில் வையுங்கள்: ஏணிப்படி, கதவு, மினி பஸ், தேயிலைச் செடி. போல்ட்டைப் பெரிதாக்கினால் ரோபோ சின்னதாகிவிடும், ரோபோ வளர வளர போல்ட் சின்னதாகவும் நிறையவும் ஆக வேண்டும். சரிவான தரையில் வரையும்போது ஒன்றை மறக்காதீர்கள்: உங்களுக்கு எதிரே மேலே ஏறும் சரிவின் கோடுகள் கண் மட்டத்துக்கு மேலே போய்க் கூடும், கீழே இறங்கும் சரிவின் கோடுகள் அதற்குக் கீழே.

நீலகிரி அடையாளம் வர வேண்டும் என்று தோடர் எம்பிராய்டரியை ரோபோ மேல் போடலாமா?

யோசித்துச் செய்யுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, தோடர் பெண்கள் இழையை எண்ணி எண்ணித் தைப்பது அது, 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அவர்களுடைய வாழ்க்கையோடும் சடங்கோடும் சேர்ந்த ஒன்றை இரும்புத் தகட்டில் அலங்காரமாக ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கதையில் அந்த ரோபோவுக்கு ஒரு தோடர் பாட்டி சால்வை போர்த்துகிறாள் என்றால், சால்வையாகவே வரையுங்கள், துணி மடிப்போடு, பட்டைகள் எங்கே வருகின்றன என்று பார்த்து. ஊர் அடையாளம் வேறு வழியிலும் வரும். சரிவுக்கு ஏற்ற கால், மழைக்கு ஏற்ற மூட்டு, முதுகில் கொழுந்து மூட்டை வைத்த ரோபோவைப் பார்த்தால் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும்.

துருவும் அழுக்கும் எங்கே போடுவது?

தண்ணீர் எங்கே தங்குமோ, எங்கே வழியுமோ அங்கே. போல்ட்டுக்கும் இணைப்புக்கும் கீழே துருக்கோடு நேராகக் கீழே இறங்கும், ரோபோ சாய்ந்திருந்தால்கூட. கை படும் ஓரங்களில் பெயின்ட் போயிருக்கும். மேலே தூசி, கீழே சேறு. உடம்பெல்லாம் ஒரே அளவில் புள்ளி வைத்தால் அது அம்மை போட்ட மாதிரிதான் தெரியும்.

மொபைலில், கம்ப்யூட்டரில் வரையலாமா? ஏஐ படத்தை ரெஃபரன்ஸாக எடுக்கலாமா?

வரையலாம். வரைய கிருதா, முப்பரிமாண உருவம் செய்ய பிளெண்டர், இரண்டு சாஃப்ட்வேரும் இலவசம். பிளெண்டரில் பெட்டியும் உருளையும் மட்டும் அடுக்கி, ஒரு விளக்கு வைத்து நிழல் எங்கே விழுகிறது என்று சரிபார்ப்பது ரொம்ப உதவும். ஏஐ படத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலோட்டமாக அசத்தலாக இருக்கும், பிஸ்டன் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடினால் பல நேரம் எங்கும் மாட்டியிருக்காது. மூட்டு படிக்க வேண்டியவர் மூட்டு இல்லாத படத்திலிருந்து என்ன படிக்க முடியும்?

மழைக்காலத்தில் தாள் நமுத்துப் போகிறது, இங்க் பரவுகிறது. என்ன பென்சில், என்ன தாள்?

எச்பி ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று போதும், கம்பெனி எதுவானாலும் சரி. தாள் கொஞ்சம் தடிமனான கார்ட்ரிட்ஜ். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும், திரும்ப அக்டோபர், நவம்பரிலும் தாளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டை உள்ளே வையுங்கள், புது ஷூ டப்பாவில் கிடைப்பதே போதும். வரையும் முன் தாளை அடுப்புச் சூடு லேசாகப் படும் இடத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். அப்படியும் இங்க் பரவினால் அந்த மாதங்களில் இங்க் வேண்டாம், பென்சிலும் பால்பாயின்ட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நமுத்த தாளில் 6பி அழுத்தமாக ஏறாது என்பதால் கறுப்பை ஒரே தடவையில் தேய்க்காமல், மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொரு அடுக்கையும் வேறு திசையில் போட்டு ஏற்றுங்கள்.